ஆண்டுக்கு ஒருநாள் பூட்டும் கதவு

லோ பெட்டர்கேட், யார்க்
9 பிப்ரவரி 1985

அன்புள்ள ஹில்டா,

நான் நலம். உங்கள் முழங்கால் இந்தக் குளிரைத் தாங்குகிறதா என்று அறிய விரும்புகிறேன்.

கடற்கரையில் இருக்கும் உங்களுக்கும் இதற்குள் செய்தி வந்திருக்கும். அதனால் முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். கணவர் போன துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டதாகவும், அதனால் வீட்டுக்கு அடியில் பின்முற்றத்துக்குப் போகும் சந்தின் கதவைப் புதிதாகப் பூட்டத் தொடங்கியிருப்பதாகவும் இங்கே பேசிக்கொள்கிறார்கள். என் புத்தி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கதவைப் பூட்டுவதும் புதிதல்ல. 1954 முதல் உங்கள் தம்பி கத்பர்ட், மெழுகுதிரித் திருநாளான பிப்ரவரி இரண்டாம் தேதி, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை அதைப் பூட்டி வைத்தார். ஓர் ஆண்டும் தவறியதில்லை. அதற்காக ரயில்வே அலுவலகத்தில் விடுப்பு எடுப்பார். அவருக்கு முன்னால் உங்கள் தந்தை பூட்டினார். நம் படுக்கையறைக்கு அடியில் போகும் வழி நம்முடையதாகவே நிற்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஒருநாளாவது அதை அடைத்துக் காட்ட வேண்டும். இருபது ஆண்டு தடையில்லாமல் ஊரார் நடந்துவிட்டால் அது ஊர்ப்பாதை. அந்த வீட்டில் பிறந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கத்பர்ட் நவம்பரில் போய்விட்டதால் இந்த ஆண்டு நான் பூட்டினேன். கான்வென்ட்டில் பழைய மாணவியருக்கு அன்று காலை ஏழு முதல் மாலை வரை நடக்கும் பூசைக்கும் விருந்துக்கும் போகவில்லை. நாற்பது ஆண்டில் இதுவே முதல் முறை. ஆணியில் தொங்கிய சாவி பூட்டில் திரும்ப மறுத்தது. உறைபனி காரணமாக இருக்கும் என்று அவருடைய மிதிவண்டிச் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினேன்.

சனிக்கிழமையாகப் போயிற்று. பத்து மணிக்குள் சங்கிலிக்கு இரண்டு பக்கமும் கூட்டம். பின்முற்றத்தில் குடியிருக்கும் மிஸஸ் ஸ்க்ரூட்டன், இடுப்பு வலிக்காரி, கையில் கேக் பெட்டியோடு வந்து நின்றாள். மற்றவர்கள் கத்தினார்கள். இவள் கத்தவில்லை. சங்கிலியையே பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. பிறகு சுற்றுவழியாகப் போனாள். நல்ல நடிப்பு.

செவ்வாயன்று இறைச்சிக் கடை வரிசையில் நின்றேன். கடைக்காரர் பௌல்பி கத்தியைத் தீட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"என்ன கண்ணு, இன்னிக்கு நம்ம கடையையும் பூட்டிட்டுப் போறதா உத்தேசமா?"

"வருஷா வருஷம் பூட்டுறதுதான், மிஸ்டர் பௌல்பி."

"நாப்பது வருஷமா நான் பன்னியைத் தோள்ல போட்டுக்கிட்டு அந்தச் சந்து வழியாத்தான் வரேன். ஒரு நாள்கூடப் பூட்டி நான் பாக்கலையே! பன்னியும் பாக்கலை."

வரிசை முழுவதும் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் அவர் சொன்னதற்குத் தலையும் ஆட்டினார்கள். ஹில்டா, ஒரு தெரு முழுவதும் ஒரே பொய்யைச் சொல்கிறது என்றால் யாரோ அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது யார் என்று கண்டுபிடிப்பேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
வினிஃப்ரெட் மெட்கால்ஃப்


ஃபைலி
17 பிப்ரவரி 1985

அன்பு வின்னி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை, படிக்கட்டில் மட்டும் முணுமுணுக்கிறது. இரண்டு நாளாகக் கடல் சுவரைத் தாண்டி வந்து தெருவைக் கழுவுகிறது. ஜன்னல் கண்ணாடியில் உப்பு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? ஒருவருக்காகச் சமைப்பது சலிப்பான வேலைதான், ஆனாலும் சூடாக ஏதாவது ஒன்று செய்துகொள்.

ஊர் பேசுவதைப் பொருட்படுத்தாதே. நாலு நாள் பேசுவார்கள், பிறகு கதீட்ரல் கூரை வேலையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். அந்தச் சங்கிலியை எடுத்துவிட்டாய் அல்லவா? எல்சியின் இடுப்பு எப்படி இருக்கிறது?

வசந்தத்தில் இங்கே வந்து ஒரு வாரம் தங்கு. நண்டு நன்றாகக் கிடைக்கும்.

உன்
ஹில்டா


லோ பெட்டர்கேட்
22 பிப்ரவரி 1985

அன்புள்ள ஹில்டா,

உங்கள் முழங்கால் தேறி வருவது மகிழ்ச்சி. நான் மூன்று வேளையும் மேசையில் அமர்ந்து சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடல் இருக்கிறது, நண்டு இருக்கிறது. கத்பர்ட் கதவைப் பூட்டியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னொன்று. நான் மிஸஸ் ஸ்க்ரூட்டன் என்று எழுதினேன். எல்சி என்று எழுதியது நீங்கள். உங்களுக்குள் இவ்வளவு நெருக்கம் இருப்பது எனக்குத் தெரியாது.

நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நம் சந்து வழியை ஊர்ப்பாதையாக வரைபடத்தில் சேர்க்கச் சொல்லி முப்பத்து நாலு பேர் கையெழுத்திட்டுப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு மேல் நடந்தோம், ஒருநாளும் கதவு பூட்டப்படவில்லை என்று ஆளுக்கொரு படிவம்.

இதற்குப் பின்னால் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டெர்ரி ப்ளூஸ் என்று ஓர் ஆள். உயரத் தொப்பியும் கறுப்பு அங்கியும் மாட்டிக்கொண்டு, மாலை ஏழு மணிக்குச் சுற்றுலாக்காரர்களைக் கூட்டி வந்து பேய்க்கதை சொல்கிறவன். கையுறைக்காரர் சந்து என்று முந்நூறு ஆண்டாக இருந்த பெயரை அவன் 'அழுகைச் சந்து' ஆக்கிவிட்டான். திங்களன்று என் தரைக்குக் கீழேயே நின்று கத்தினான்:

"இதோ, நம்ம தலைக்கு மேலே ஒரு விதவை இருக்காங்க! வருஷத்துல ஒருநாள் கதவைப் பூட்டி, செத்துப்போன புருஷனை வெளியே போகவிடாம உள்ளேயே வெச்சுக்கிறாங்க!"

நான் ஜன்னலைத் திறந்தேன்.

"என் கணவர் கல்லறையில இருக்காரு. நீங்க என் படுக்கைக்குக் கீழே இருக்கீங்க. ரெண்டு பேர்ல யாரு பேய்னு நீங்களே சொல்லுங்க."

கூட்டம் கைதட்டியது. நானும் அவனுடைய நாடகத்தில் ஒரு பாத்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பாதை பொதுவாகிவிட்டால் என் ஆயுள் முடிகிறவரை இவன் என் காலடியில் கத்துவான், யாரும் தடுக்க முடியாது.

ஆகவே எனக்குச் சாட்சி வேண்டும். 1962இலும் 1971இலும் பிப்ரவரி முதல் வாரம் நீங்கள் எங்களோடு தங்கினீர்கள். இரண்டு முறையும் நான் கான்வென்ட்டுக்குப் போனபோது நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். கத்பர்ட் கதவைப் பூட்டியதைக் கண்ணால் பார்த்ததாக இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அது போதும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
வினிஃப்ரெட் மெட்கால்ஃப்


ஃபைலி
25 மார்ச் 1985

அன்பு வின்னி,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. மார்ச் முழுவதும் நெஞ்சுச் சளி. பேனாவைத் தூக்கவும் முடியவில்லை. மாவட்டச் செவிலியாக முப்பது ஆண்டு ஊரார் நெஞ்சையெல்லாம் தேய்த்துவிட்டவள், என் நெஞ்சைத் தேய்க்க ஆளில்லாமல் கிடந்தேன்.

1962இல் பனி கொட்டியது நினைவிருக்கிறது. நான் அடுப்புப் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. 1971இல் என்ன செய்தேன் என்று நினைவில்லை. வயதாகிறது. பார்க்காததைப் பார்த்ததாக எப்படி எழுதுவேன்?

பாதை போனால் போகட்டும், வின்னி. நடப்பவர்கள் நடக்கட்டும்.

உன்
ஹில்டா


லோ பெட்டர்கேட்
30 மார்ச் 1985

அன்புள்ள ஹில்டா,

நெஞ்சுச் சளி நீங்கியதில் மகிழ்ச்சி. அது உண்மையில் வந்திருந்தால் இன்னும் மகிழ்ச்சி அடைந்திருப்பேன். உங்கள் கீழ்வீட்டு மிஸஸ் கேயின் ஈஸ்டர் வாழ்த்து அட்டை நேற்று வந்தது. "ஹில்டாவைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, மழையோ வெயிலோ தினமும் பிரிக் பாறை வரை நடந்துவிட்டு வருகிறாள்" என்று எழுதியிருக்கிறாள். பேனாவைத் தூக்க முடியாதவர் இரண்டு மைல் நடந்திருக்கிறீர்கள்.

நீங்கள் 'பார்க்கவில்லை' என்று எழுதியதையும் கவனித்தேன். 'பூட்டவில்லை' என்று எழுதவில்லை. 'பூட்டினான்' என்றும் எழுதவில்லை.

பூட்டைச் சரிபார்க்க ஆள் வரவழைத்தேன். ஃபாஸ்கேட்டில் கடை வைத்திருப்பவர், நிதானமானவர். எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருந்து பார்த்தார்.

"சாவி சரியான சாவிதாம்மா. பூட்டுதான் செத்துப்போச்சு. உள்ளே நாக்கு துருப்பிடிச்சு ஒட்டிக்கிடக்கு. இது திரும்பி அறுபது வருஷமாவது ஆகியிருக்கும்."

"போன வருஷம் பிப்ரவரியில என் கணவர் இதைப் பூட்டினாரு."

"அப்படின்னா அவரு பெரிய மந்திரவாதிங்க."

"யாரோ பழைய பூட்டைக் கழற்றிட்டு இந்தத் துருப்பிடிச்ச பூட்டை வெச்சிருக்கலாம் இல்லையா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மருத்துவர்கள் அப்படிப் பார்ப்பார்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு, இந்த வருகைக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு இரக்கம் காட்ட ஒரு பூட்டுக்காரருக்கு யார் உரிமை கொடுத்தது?

கத்பர்ட் ஒரு ரயில் ஒரு நிமிடம் தாமதமானாலும் குறித்து வைக்கும் மனிதர். ஆண்டுதோறும் நான் கான்வென்ட்டிலிருந்து திரும்பும்போது சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டு நிற்பார். "ஆச்சு" என்பார். அவர் அதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். துருவை நம்புவதா, அவரை நம்புவதா?

நேரடியாகப் பதில் எழுதுங்கள்.

தங்கள்,
வினிஃப்ரெட் மெட்கால்ஃப்


(ஃபைலி கடற்கரைப் படம் போட்ட அஞ்சலட்டை)
6 ஏப்ரல் 1985

வின்னி, ஈஸ்டர் வாழ்த்துகள். விரிவாக எழுதுகிறேன். நான் எழுதும்வரை எந்தத் தாளிலும் சத்தியம் செய்யாதே. ஹில்டா.


லோ பெட்டர்கேட்
10 ஏப்ரல் 1985

அன்புள்ள ஹில்டா,

உங்கள் அட்டை கிடைத்தது. ஈஸ்டர் பூசைக்குப் போனேன், உங்களுக்காகவும் செபித்தேன். என்ன வேண்டிச் செபிப்பது என்று தெரியாமல் பொதுவாகச் செபித்தேன்.

மன்றத்திலிருந்து மிஸ் லம்லி என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், கால்சட்டை போட்டிருந்தாள், ஆனால் மரியாதை தெரிந்தவள். "மேடம், உங்க பக்கத்துல ஒரே ஒரு வாக்குமூலம் போதும். வருஷா வருஷம் பூட்டினதா நீங்க சத்தியம் பண்ணிக் கொடுத்தா, அந்த முப்பத்து நாலு படிவமும் நிக்கிறது கஷ்டம்" என்றாள். மே இருபதாம் தேதிவரை நேரம் இருக்கிறது.

பார்க்காத ஒன்றுக்குச் சத்தியம் செய்வதற்கு முன்னால் எதிர்ப்பக்கத்தையும் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இத்தனை ஆண்டில் முதல் முறையாகச் சந்து வழியாகப் பின்முற்றத்துக்குப் போய் மிஸஸ் ஸ்க்ரூட்டன் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"பிப்ரவரி ரெண்டாம் தேதி என் கணவர் கதவைப் பூட்டுவாரா, மாட்டாரா? எனக்கு நேரான பதில் வேணும்."

"பூட்டுறதா? அவரா? எங்க சமையலறை ஜன்னல்லேர்ந்து பாத்தா கதவு நேரா தெரியும், மேடம். போறவங்க வர்றவங்களைப் பாத்துக்கிட்டேதான் ரெண்டு பேரும் டீ குடிப்போம்."

"ரெண்டு பேருமா?"

"என் பொறந்தநாளாச்சே! பதினோரு மணிக்கு டாண்ணு வந்துடுவாரு. ஒரு டீ, ஒரு துண்டு இஞ்சி கேக். பன்னெண்டுக்குக் கிளம்பிடுவாரு. உங்களுக்குத் தெரியாதா? நான் தெரியும்னுல்ல நெனச்சேன்! நீங்க பெரிய இடம், அதான் நீங்க வரலைன்னு நெனச்சேன்."

"எதுக்கு வந்தாரு?"

"நானும் கேட்டிருக்கேன். 'வரணும்னு தோணுச்சு எல்சி'ம்பாரு. அவ்வளவுதான். இந்த வருஷம் அவரு இல்ல, சரி. அதுக்காக அதே நாள்ல கதவையும் அடைச்சீங்களே, அதான் மனசு தாங்கல."

கேக் வெட்டித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஹில்டா, நான் உலகம் தெரியாதவள் அல்ல. நான் பூசையில் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்து, விடுப்பு எடுத்து, ஒரு பெண்ணின் சமையலறையில் போய் உட்கார்ந்த மனிதரைப் பற்றி நான் என்ன நினைக்க வேண்டும்? என் பிறந்தநாளை அவருக்கு நினைவூட்ட நாள்காட்டியில் சிவப்பு மையில் நானே வட்டம் போட வேண்டியிருந்தது. அவளுடையது அவருக்கு மறக்கவே இல்லை. அவளை நீங்கள் 'எல்சி' என்று எழுதியதன் பொருள் இப்போது புரிகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

என்ன தெரியும் என்று சொல்லுங்கள். எவ்வளவு கேவலமாக இருந்தாலும் சரி.

வினிஃப்ரெட் மெட்கால்ஃப்


லோ பெட்டர்கேட்
6 மே 1985

அன்புள்ள ஹில்டா,

நலமா என்று கேட்கிறேன், நான்கு வாரமாகப் பதில் இல்லாததால் உண்மையாகவே கேட்கிறேன்.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். 'என் கணவர் 1954 முதல் 1984 வரை ஆண்டுதோறும் பூட்டினார்' என்பது அதன் இரண்டாம் வரி. மற்ற எல்லா வரிகளும் எனக்குத் தெரிந்து உண்மை. அவளும் ஊரும் சொல்வது ஒரு பக்கம், என் கணவர் என்னிடம் சொன்னது ஒரு பக்கம். நீங்கள் மௌனமாக இருந்தால் நான் என் கணவர் பக்கம் நின்று சத்தியம் செய்வேன். அது பொய்ச் சத்தியமானால் அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

வி. மெ.


ஃபைலி
12 மே 1985

அன்பு வின்னி,

கையெழுத்துப் போடாதே. அவன் பூட்டவில்லை. ஓர் ஆண்டும் பூட்டவில்லை. நீ நினைக்கிற காரணத்துக்காக அல்ல. அவனைப் பற்றி நீ அப்படி நினைக்கும்படி விட்டுவிட்டு நான் நான்கு வாரம் பேசாமல் இருந்தது எனக்கு வெட்கம்.

1921, பிப்ரவரி இரண்டு. எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா மால்டன் வரை போக வேண்டியிருந்தது. காலையில் கதவைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "ஆறு மணி வரைக்கும் யாருக்கும் தொறக்கக் கூடாது. ராஜாவே வந்தாலும் சுத்திப் போகச் சொல்லு" என்றார். அந்த வருடம்தான் நான் பள்ளியில் கீழ்ப்படிதலுக்குப் பரிசு வாங்கியிருந்தேன்.

பின்முற்றத்தில் மிஸஸ் டின்டாலுக்கு இடுப்பு வலி கண்டிருந்தது எனக்குத் தெரியும். காலையிலிருந்தே சத்தம் கேட்டது. நண்பகலில் பெட்டர்கேட் தெருப் பக்கத்திலிருந்து மருத்துவச்சி ஓடிவந்து கதவை அடித்தாள். கம்பிகளின் ஊடே அவள் முகம் எனக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது.

"பொண்ணே, தொறடி! ரெட்டைப் புள்ளைடி!"

"அப்பா வரட்டும்" என்றேன்.

"உங்கப்பன் வர்ற வரைக்கும் புள்ளை காத்திருக்குமாடி!"

சாவி என் ஏப்ரன் பையில் இருந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன், ஆனால் திறக்கவில்லை. அவள் சுற்றிக்கொண்டு ஓடினாள். தெருவெல்லாம் வண்டி. இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். எல்சி அதற்கு முன்பே பிறந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த தம்பி அழவில்லை.

கத்பர்ட்டுக்குப் பத்து வயது. மாடிப்படி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் அப்பா வந்தார், கேட்டார், என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அடுத்த ஆண்டு அதே நாளில் சாவியை ஆணியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்குத் திரும்ப மாட்டினார். "ஆச்சு" என்றார். கதவு திறந்தே கிடந்தது. சாகும் வரை அப்படித்தான் செய்தார். பூட்டுவதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும் அல்லவா? நம் வீட்டில் யாருக்கும் அதைச் சொல்ல வரவில்லை.

நான் செவிலியாகப் போனதும், கல்யாணம் வேண்டாம் என்றதும், யார்க்கில் இருக்க முடியாமல் இங்கே வந்ததும் இதனால்தான். நான் பார்த்த பிரசவங்களில் ஒரு கதவும் மூடியிருக்க விட்டதில்லை. கோடையோ பனியோ, திறந்து வைக்கச் சொல்வேன். பைத்தியக்காரச் செவிலி என்று பெயர்.

அப்பா இறந்ததும் கத்பர்ட் இங்கே வந்தான். சாவியை என் மேசைமேல் வைத்து, "இதை என்ன செய்யறது?" என்றான். "அப்பா செஞ்சதையே செய்" என்றேன். வின்னிக்குத் தெரிய வேண்டாம் என்று அன்றே முடிவாயிற்று. எல்சி வீட்டுக்கு அவன் போனது எனக்காக. நான் போகத் துணியாத இடத்துக்கு அவன் போனான். அவள் பிறந்த அன்று கதவு பூட்டியிருந்தது அவளுக்குத் தெரியும். சாவி யார் பையில் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

இப்போது உனக்குத் தெரியும். உன் இஷ்டம்போல் செய்.

ஹில்டா


லோ பெட்டர்கேட்
3 ஜூன் 1985

அன்புள்ள ஹில்டா,

உங்கள் கடிதத்துக்கு மூன்று வாரம் பதில் எழுதவில்லை. நெஞ்சுச் சளி இல்லை. எழுதத் தெரியவில்லை. நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? மிஸஸ் கேயை அவ்வப்போது மேலே வந்து பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தட்டச்சு செய்ததைக் கிழித்துவிட்டேன். மே இருபதாம் தேதி என் கையால் இரண்டே வரி எழுதி மன்றத்தில் கொடுத்தேன். 'இந்த ஆண்டு பிப்ரவரி இரண்டாம் தேதி கதவைச் சங்கிலியால் பூட்டியது நான். முந்தைய ஆண்டுகளில் அது பூட்டப்படவில்லை என்று இப்போது அறிகிறேன்.' மிஸ் லம்லி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மேடம், இதைக் கொடுத்தா பாதை போயிடும். யோசிச்சுத்தான் கொடுக்கறீங்களா?"

"போகட்டும். பொதுப்பாதையில நிக்கிறவன் தலையில ஜன்னல்லேர்ந்து தண்ணி ஊத்தலாமா?"

"சட்டப்படி கூடாது மேடம்."

"சட்டத்துல எனக்குச் சாதகமா எதுவுமே மிச்சம் இல்லையா?"

சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மிஸஸ் ஸ்க்ரூட்டன் வீட்டுக்குப் போய், பிப்ரவரியில் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். நீங்கள் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. அது உங்களுடையது. இந்த முறை உள்ளே போய் உட்கார்ந்தேன். கத்பர்ட் உட்காரும் நாற்காலி எது என்று கேட்கவில்லை. அவளே இழுத்துப் போட்டாள். அந்த ஜன்னலிலிருந்து கதவு நன்றாகத்தான் தெரிகிறது.

பதின்மூன்று வயதுப் பெண்ணின் கையில் அந்தச் சாவியைக் கொடுத்தவர் உங்கள் தந்தை. உங்களை நான் குறை சொல்லவில்லை. அந்த வயதில் நானும் திறந்திருக்க மாட்டேன். பள்ளியில் எனக்கும் அதே கீழ்ப்படிதல் பரிசு கிடைத்திருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை. 'வின்னிக்குத் தெரிய வேண்டாம் என்று அன்றே முடிவாயிற்று.' எங்களுக்கு இலக்கணம் சொல்லித் தந்த சிஸ்டர் இப்படிப்பட்ட வாக்கியத்தைப் பார்த்தால் சிவப்புக் கோடு போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். முடிவு இருக்கிறது, முடிவு செய்தவரைக் காணோம்.

நீங்கள் கேட்டுக்கொண்டதால் கத்பர்ட் மறைத்தார் என்றால் அது அக்காவுக்குத் தம்பி கொடுத்த வாக்கு. அதை என்னால் மதிக்க முடியும். அவராகவே வேண்டாம் என்று சொன்னார் என்றால், அத்தனை மாலைகளிலும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது, என்னிடம் உண்மையைச் சொல்வதைவிட அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. அப்படியானால் அவர் என்னோடு எப்படி வாழ்ந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நினைத்தாரா? உங்களைத் தாழ்வாகப் பார்ப்பேன் என்று நினைத்தாரா? என்னைக் கண்டு பயந்தாரா?

அன்று உங்கள் மேசைக்கு முன்னால் அதை முதலில் சொன்னது யார், ஹில்டா? நீங்களா, அவரா? எனக்கு நோகாதபடி ஒரு பதிலைத் தேடாதீர்கள். ஒருவர் பெயர் மட்டும் போதும். தொலைபேசியில் வேண்டாம். கடிதமாக எழுதி அனுப்புங்கள்.

வினிஃப்ரெட்